இருமல் இல்லை, வெறும் கமறல்

காசநோய்ப் பிரிவில் கள வேலை பார்ப்பவர்களுக்கு முதல் கேள்வி மனப்பாடம்: “இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல் இருக்கிறதா?” வரும் பதிலும் ஏறக்குறைய மனப்பாடம்தான். “இல்லை” என்பார்கள், சொன்ன வாயாலேயே தொண்டையைச் செருமுவார்கள். கேட்டால், “இது இருமல் இல்லை அம்மா, கமறல்.” பீடி குடிப்பவர்கள் இன்னும் தெளிவு: “அது பீடிக்கு வருவது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.”

இருமல் என்றால் ஊரைக் கூட்டும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே செருமல், கமறல், கரகரப்பு, விடிகாலைக் கோழை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். ஏதாவது ஒன்றுக்குத் தலை அசையும்.

நோயின் பெயரே இருமல்தான். ‘காசம்’ என்ற வடசொல்லுக்கு இருமல் என்று பொருள். பலர் காதில் அது ‘காசு’ என்றுதான் விழுகிறது. “காசு நிறைய ஆகுமா?” என்று ஒரு பாட்டி கேட்டார். பரிசோதனையும் மருந்தும் இலவசம். போதாததற்குச் சத்துணவுக்காக அரசே மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது (2018இல் தொடங்கியபோது 500). காசு வரும் நோய் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

கழுத்தில் நெறிகட்டி வந்தவர்களிடம்தான் பெயர் காலை வாரிவிடும். “இருமலே இல்லை, எனக்கு எப்படிக் காசநோய்?” நியாயமான கேள்வி. முடியையும் நகத்தையும் தவிர உடம்பில் எங்கும் வரக்கூடிய நோய்க்கு நுரையீரலின் சத்தத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் ஆகும். வயதானவர்கள் சொல்லும் ‘எலும்புருக்கி’ எனக்கு அதைவிடப் பிடிக்கும். உடம்பு இளைத்ததா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, இரவில் வியர்க்கிறதா என்ற மற்றக் கேள்விகளுக்கு அந்தப் பெயரே வழிவிடுகிறது. இளைத்ததை யாரும் மறைப்பதில்லை, இடுப்பில் வேட்டி நிற்காதபோது எப்படி மறைப்பது?

ஒத்துக்கொண்ட பிறகும் வேலை முடிவதில்லை. பரிசோதனைக்குச் சளி மாதிரிகள் இரண்டு வேண்டும்: அப்போதே ஒன்று, மறுநாள் விடிகாலையில் ஒன்று. திரும்பி வரும் டப்பாவில் பல நேரம் வெறும் எச்சில்தான் இருக்கும். ஆய்வகத்தில் திட்டு விழும். மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்கக் கூச்சம். இப்போதெல்லாம் டப்பாவைக் கொடுக்கும்போதே வாசலில் நின்று இருமிக் காட்டிவிடுகிறேன். தெருவில் போகிறவர்கள் எனக்குத்தான் நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.