டோரஸ் மேல் ஏன் யாருக்கும் கோபம் நிலைக்கவில்லை?

இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் ஸ்பெயின் கால்பந்து வீரர் ஃபெர்னாண்டோ டோரஸ் 172 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 45. அவரை வாங்க 2011 ஜனவரியில் கொடுத்த விலை 5 கோடி பவுண்டு, அப்போது பிரிட்டனில் அது ரெக்கார்டு. வேறு யாராவது இப்படி ஆடியிருந்தால் நாம் இந்நேரம் பெயரையே மறந்திருப்போம். ஆனால் 2015-ல் அவர் தன் பழைய ஸ்பானிஷ் கிளப்பான அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குத் திரும்பியபோது, ஆட்டம்கூட இல்லாத ஒரு நாளில், சும்மா அவரைப் பார்ப்பதற்கு மட்டும் விசென்டே கால்டெரோன் மைதானத்துக்குச் சுமார் 45,000 பேர் வந்தார்கள்.

காரணம் தேட 2001-க்குப் போகவேண்டும். அட்லெட்டிகோ இரண்டாம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்த காலம். அதில்தான் இந்தப் பொடியன் அறிமுகமானார், 19 வயதில் கேப்டனும் ஆகிவிட்டார். எல் நினோ என்று செல்லப்பெயர் (மழை பொய்க்கும்போது செய்தியில் அடிபடுமே, அதே பெயர்தான், அர்த்தம் 'பையன்'). அவமானத்தில் கிடந்த ஊருக்கு, எங்கள் பையன் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் கிடைத்தார்.

அப்புறம் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப். முதல் சீசனிலேயே லீக்கில் மட்டும் 24 கோல். அந்த வேகம் குறையாமலேயே ஸ்பெயின் அணியோடு 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இறுதிப்போட்டிக்கு வியன்னா போனார். சக வீரர் சாவி போட்ட பாஸுக்கு முன்னால் ஓடியது ஜெர்மனியின் லாம், பந்து அவருக்குத்தான் என்று நினைத்தேன், ஆனால் டோரஸ் வெளிப்பக்கமாகச் சுற்றி முந்திக்கொண்டு, பாய்ந்து வந்த கோல்கீப்பர் லேமனுக்கு மேலாக லேசாகத் தட்டிவிட, பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. ஸ்பெயினுக்கு 44 வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை.

2010 உலகக்கோப்பைக்கு முன்னால் முழங்காலில் ஆபரேஷன். அதற்குப் பிறகு அந்த வேகம் திரும்பவே இல்லை என்பது என் கட்சி. 2011 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் கோல்கீப்பர் டே கேயாவைத் தாண்டிவிட்டார், முன்னால் வெறும் வலை, பந்து வெளியே போனது. அன்றே அவர் ஒரு கோல் போட்டிருந்தார், அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை பாருங்கள். ஏழு மாதம் கழித்து பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில், பத்து பேராகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த செல்சிக்காக, ட்ரோக்பாவுக்குப் பதிலாக வந்தவர் கடைசி நிமிடங்களில் தனியாக ஓடினார். மறுபடி அதே காட்சி: கோல்கீப்பரைத் தாண்டியாயிற்று, முன்னால் வெறும் வலை. எனக்கு மூச்சே நின்றது. போட்டுவிட்டார். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை விட்டு பார்சிலோனா வெளியே.

டோரஸோடு ஸ்பெயின் அணியில் ஆடிய டேவிட் வில்லா நாட்டுக்காக 59 கோல் அடித்தவர், கணக்குப்படி டோரஸைவிடப் பெரிய ஆள். ஆனாலும் அவருக்காக நான் ஒருநாளும் நகம் கடித்ததில்லை. சரி, அது என் பலவீனம்.

2018-ல் லியோனில், சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில் அட்லெட்டிகோ மார்செயை 3-0 என்று முடித்தபோது டோரஸ் கடைசி நேரத்தில்தான் களமிறங்கினார். உலகக்கோப்பை, இரண்டு யூரோ, சாம்பியன்ஸ் லீக் எல்லாம் ஏற்கெனவே ஜெயித்தாயிற்று. அட்லெட்டிகோ சட்டையில் மட்டும் ஒரு பெரிய கோப்பைகூட அதுவரை இல்லை. அன்று கோப்பையோடு நின்ற 34 வயதுக்காரரின் முகத்தைப் பாருங்கள், பையன்தான்.