இரண்டு ஃபேனும் ஒரே நாளில் நின்றது எப்படி?

பிப்ரவரி 9

சிக்னலில் நின்றபோது காரின் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டது. அடுத்த நெரிசலில் மறுபடியும் ஏற்றம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், நின்றால்தான் ஃபேன் வேண்டும். அதனால் சந்தேகம் நேராக ஃபேன் மேல் போனது.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொன்னேன். ஏசி ஓடினால் ஃபேனும் ஓட வேண்டும். ரேடியேட்டரை ஒட்டி இருக்கும் இரண்டு ஃபேனும் அசையவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் 100 டிகிரி காட்டியதும் பயந்து இன்ஜினை அணைத்துவிட்டேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவை ஆறிய பிறகுதான் பார்த்தேன். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் மின் சுவிட்சான ரிலே மூன்று. பக்கத்திலேயே ஹாரனுக்கு அதே வகை ரிலே இருந்ததால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. ஏசி போட்டதும் ‘டிக்’ சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் ஃபேனை ஓடத்தான் சொல்கிறது, கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம்.

பிப்ரவரி 15

இன்று மல்டிமீட்டர். கறுப்பு முனையை பாடியில் வைத்து, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளந்தேன். இன்ஜின் ஓடுகிறது, ஏசியும் ஓடுகிறது. இடது ஃபேனுக்கு வரும் வயரில் 13.8 வோல்ட். வலதுக்கு வரும் வயரிலும் 13.8. கரண்ட் வருகிறது, சுழலவில்லை. ஆக இரண்டு மோட்டாரும் போய்விட்டன என்று எழுதி வைத்தேன். பட்டறையில் கேட்டதற்கும் இதே பதில்தான்: “ரெண்டையும் மாத்திடுங்க.”

மனம் ஒப்பவில்லை. இரண்டு மோட்டார் ஒரே நாளில் சாகுமா?

பிப்ரவரி 16

முதலில் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். இன்ஜின் அணைந்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுழலும், விரல் போய்விடும். பிறகு இரண்டு கனெக்டரையும் பிரித்து, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாக ஊட்டினேன். இடது உடனே சுழன்றது. நேற்று செத்துவிட்டதாக நான் முடிவு கட்டிய மோட்டார்! வலது ஊமை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். திக்கித் திக்கிச் சுழன்று மறுபடியும் நின்றது. மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததன் அடையாளம் இது.

அப்படியென்றால் நல்ல நிலையில் இருக்கும் இடது ஏன் ஓடவில்லை? வயரிங் படத்தை மேசையில் விரித்து விரலால் தடம் பிடித்தேன். குறைந்த வேகத்தில் இந்த வண்டி இரண்டு ஃபேனையும் தொடராக இணைக்கிறது. பேட்டரியிலிருந்து இடது, இடதிலிருந்து ரிலே வழியாக வலது, வலதிலிருந்து எர்த். ஆளுக்குப் பாதி வோல்ட், அதனால் மெல்லச் சுழலும். வலதின் உள்ளே பாதை அறுந்தால் இடதிலும் கரண்ட் ஓடாது. ஓட்டமே இல்லாததால் வழியில் வோல்ட் எங்கும் குறையாது, அறுந்த இடம் வரைக்கும் முழுதாக வந்து நிற்கும். நேற்று எல்லா வயரிலும் 13.8 காட்டியது அதனால்தான். கனெக்டர்களையும் பேட்டரியையும் மாட்டி, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, இம்முறை மீட்டரின் இரண்டு முனையையும் இடது மோட்டாரின் இரண்டு வயரிலேயே வைத்தேன். பூஜ்யம். பாடியை வைத்து அளந்ததில் நான் பார்த்தது மோட்டாருக்குக் கிடைத்த வோல்ட்டே இல்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் விடும். முழு வேகத்தில் ரிலேக்கள் இரண்டையும் தனித்தனிப் பாதையாக்கிவிடும். இதோ, இடது மட்டும் இரைச்சலோடு சுழன்றது, வலது அசையவில்லை. 9-ஆம் தேதி இன்னும் சில டிகிரி பொறுத்திருந்தால் இதையே பார்த்திருப்பேன். ஆனாலும் அன்று அணைத்தது தவறென்று இப்போதும் நினைக்கவில்லை.

பிப்ரவரி 22

வலதுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. ஏசி போட்டதும் இரண்டும் மெல்லச் சுழல்கின்றன. மோட்டார் முனைகளில் அளந்தேன்: இடதில் 6.8, வலதில் 6.9. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. ஏசியை அணைத்து அரை மணி நேரம் நின்ற நிலையில் ஓடவிட்டேன். 96-இல் ஃபேன் வருகிறது, 91-இல் நிற்கிறது.

பழைய மோட்டாரைப் பிரித்தேன். ஒரு பிரஷ் அடிவரை தேய்ந்து, ஸ்பிரிங் அதற்குமேல் தள்ள முடியாமல் நின்றிருக்கிறது. இடது மோட்டாருக்கும் அதே வயது. கையால் சுற்றினால் லேசான கரகரப்பு. அதை அடுத்த மாதம் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.