வாகை நெற்று, அலுமினியம், அக்ரிலிக் ஷீட்: அரூப ஓவியத் தொடரில் இதுவரை

துணியும் தாளும் பெயிண்டைக் குடிக்கும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. கீழே விழுந்து கிடக்கும் நெற்று, சருகு, சங்கு, மரப்பட்டை போன்றவற்றை அரூபமாக்கி, அதாவது பொருளை அப்படியே காட்டாமல் அதன் வடிவக் கூறுகளை மட்டும் எடுத்து, இந்தப் பரப்புகளில் வரையும் என் தொடரில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதனால் வருபவைதான். அதனால் முதலில் பரப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பொருளின் எந்த அம்சத்தை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பரப்பே பாதி சொல்லிவிடும்.

பொருளிலிருந்து வடிவம்

வாகை நெற்று காய்ந்தால் வைக்கோல் நிறத்தில் தட்டையாகிவிடும். உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் மேலே ஒரு நீள்வட்டப் புடைப்பு தெரியும். முழு நெற்றையும் வெளிக்கோட்டோடு வரைந்தால் அது தாவரவியல் படம். ஓர் அட்டையில் 2 செ.மீ. சதுரத் துளை வெட்டி, நெற்றின் மேல் நகர்த்திக்கொண்டே போய், வெளிக்கோடு துளைக்குள் தெரியாத இடத்தில் நிறுத்த வேண்டும். விளக்கு ஒன்றே போதும். பக்கவாட்டில், மேசையை ஒட்டித் தாழ்வாக. இப்போது ஒவ்வொரு புடைப்பின் மறுபக்கமும் ஒரு நிழல் பிறை விழும், அதைச் சுற்றி மெல்லிய நரம்புகள் ஓடும். பிறையையும் நரம்பையும் மட்டும் 10 மடங்கு பெருக்கினால் 20 செ.மீ. சதுர ஓவியத்துக்கு ஆயிற்று. நிறம், காம்பு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

அரூபம் என்பது கை போன போக்கு அல்ல. பொருளின் வளர்ச்சி விதி ஒன்றையாவது காப்பாற்றினால்தான் படத்தில் உயிர் இருக்கும். பைன் கூம்பின் அடியைப் பார்த்தால் பல வகைகளில் ஒரு திசையில் 8 சுழிகளும் எதிர்த்திசையில் 13 சுழிகளும் இருக்கும். இந்த எண்ணிக்கை தவறினால் பெரிதாக்கும்போது செதில்கள் ஒரு சுற்று வந்து ஒன்றோடொன்று சேராது. நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் சங்கை வரையப் பலரும் பொன்விகிதச் சுருள் (ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஏறத்தாழ 1.618 மடங்கு விரிவது) வெட்டிய அச்சை எடுக்கிறார்கள், எடுக்கவே கூடாது. அந்தச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் சுமார் 3 மடங்குதான் விரியும். அச்சை வைத்து வரைந்தது வேறு ஏதோ பிராணியாகத்தான் தெரியும்.

அலுமினியம்

நெற்றுக்கும் இலைச் சருகுக்கும் இதுதான் என் முதல் தேர்வு. 1 மி.மீ. தகடு பெரிய அளவில் வளையும். 3 மி.மீ. கூட்டுப் பலகை, அதாவது நடுவில் பாலிஎத்திலீனும் இருபுறமும் மெல்லிய அலுமினியமும் கொண்டது, நேராக நிற்கும். ஆனால் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆலையிலேயே வண்ணம் பூசியது. உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால் பூச்சில்லாத மேற்பரப்பு கேட்டு வாங்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கவும். சோடா உப்பு போன்ற காரம் வேண்டாம், அலுமினியம் கறுத்துவிடும். பிறகு 320 எண் உப்புத்தாளை (எண் கூடக் கூட மென்மை) நீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டதா என்று பார்க்கத் தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றவும். நீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி கழுவ வேண்டியதுதான். அதன்பின் விரல் படக் கூடாது.

இந்தப் பரப்பின் பெரிய கொடை, உப்புத்தாளே தூரிகையாகிவிடுவது. 220 உப்புத்தாளை விரலகல நாடாவாகக் கிழித்து, நரம்பு ஓடும் திசையிலேயே இழுத்தால் நுண்கீறல்கள் அந்தத் திசையில் படியும். புடைப்பு வரும் இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்க்கவும். பெயிண்ட் வைப்பதற்கு முன்பே, பார்ப்பவர் நகர நகர நரம்பு மங்கிப் புடைப்பு மின்னும், பிறகு புடைப்பு மங்கி நரம்பு மின்னும். இழை எஃகுக் கம்பளியை இதற்குப் பயன்படுத்தினால் அதன் துகள்கள் கீறலில் சிக்கி, நீர் கலந்த பெயிண்டின் அடியில் துருப்புள்ளியாகக் கிளம்பும். நைலான் தேய்ப்பு நார் பாதுகாப்பானது.

இதன் மேல் உலோகத்துக்கான நிறமற்ற பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, ஒரு கை. பிறகு 1 பங்கு அக்ரிலிக் பெயிண்டுக்கு 4 அல்லது 5 பங்கு கிளேசிங் மீடியம் (பெயிண்டை ஒளி ஊடுருவும்படி மாற்றும் நிறமற்ற பாலிமர் திரவம்) கலந்து மெல்லிய பூச்சுகள். தண்ணீர் விட்டு நீர்க்க வைக்கக் கூடாது. பாதிக்கு மேல் தண்ணீரானால் ஒட்டும் பாலிமர் போதாமல் போகிறது. உறிஞ்சும் துணியில் அது தப்பிக்கும், இங்கே கண் கண்ணாக விலகி, காய்ந்ததும் பொடியாக உதிரும். பிறைக்கு ஊதாவும் எரிந்த அம்பர் என்ற அடர்பழுப்பும் நன்றாக இருக்கும். டைட்டானியம் வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள், அது உலோகத்தின் ஒளியை அடைத்துவிடும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பெயிண்டே வைக்காமல் விடுவதுதான் சரி.

மெல்லிய நரம்புகளை மூங்கில் குச்சியால் கீறி எடுக்கலாம். பூச்சின் மேல்பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் கீற வேண்டும். முன்பே கீறினால் கோடு மூடிக்கொள்ளும், தாமதித்தால் படலமாகப் பிய்ந்து வரும்.

அக்ரிலிக் ஷீட்

கண்ணாடி போன்ற இந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஆல்கஹால் கூடவே கூடாது. அறுத்த, அதிலும் லேசரில் வெட்டிய விளிம்புகளில் உள்ளழுத்தம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அங்கிருந்து மயிரிழை விரிசல்கள் உள்நோக்கிப் பரவும். அசிட்டோன் ஷீட்டையே கரைக்கும். மிதமான சோப்பு நீர், மென்மையான துணி, அவ்வளவுதான். பாதுகாப்புத் தாளை உரித்ததும் நிலைமின்சாரத்தால் தூசி வந்து அப்பும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆரம்பிக்கவும்.

பின்பக்கத்திலிருந்து வரைவதே இதற்கு அழகு. வரிசை தலைகீழாகும்: நரம்பும் ஒளிக்கோடும் முதலில், நடு நிறங்கள் பிறகு, பின்னணி கடைசியில். இடவலமும் மாறும் என்பதால் மூல வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அடியில் வைத்துக்கொள்ளலாம். பிடிப்புக்காக 600 உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்தால் ஷீட் பனி படர்ந்தது போல் மங்கும், பயப்பட வேண்டாம். நிறமற்ற அக்ரிலிக் மீடியம் பூசியதும் கண்ணாடித் தன்மை பெரும்பாலும் திரும்பிவிடும். ஷீட்டின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.49, மீடியமும் அதையொட்டியே இருப்பதால் கீறல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டு ஷீட்டுகளை 6 மி.மீ. இடைவெளியில் அடுக்கி, முன்னதில் விதைகள், பின்னதில் தோல் என்று பிரித்தபோது நிழல் தானாக விழுந்து ஆழம் கிடைத்தது. பிறையை வரையவே தேவையில்லாமல் போயிற்று. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 1 மீட்டர் அக்ரிலிக் ஷீட் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும், அலுமினியம் 0.46 மி.மீ. மட்டுமே. இரண்டையும் பசையால் ஒட்டினால் வளையும் அல்லது பிரியும். திருகுத் துளையை 2 மி.மீ. பெரிதாக விட்டு, ரப்பர் வாஷர் வைத்துத் தளர்வாக முடுக்க வேண்டும்.

மற்றவை

பாலிபுரொப்பிலீன் செயற்கைத் தாள் மரப்பட்டைக்குப் பொருத்தம். நீர்வண்ணம் குளமாக நின்று, ஓரங்களில் கறுத்துக் காயும்; அந்த ஓரமே பட்டையின் வெடிப்பு. காய்ந்த பிறகும் ஈரத்துணி பட்டால் அழிந்துவிடும், ஆகவே வார்னிஷைத் தூரிகையால் தொடாமல் ஸ்பிரேயாக, மெல்லிய அடுக்குகளில் மட்டும். கெட்டியான பிவிசி நுரைப்பலகை சிக்கலில்லாதது, ஆனால் அதற்கென்று தனிக்குணம் எதுவும் இல்லை. வளையும் வினைல் வேண்டாம்: அதை மென்மையாக்கும் எண்ணெய்ப்பொருள் மெல்ல மெல்லப் பெயிண்டுக்குள் ஏறி, காலத்துக்கும் பிசுபிசுக்க வைக்கும்.

பெயிண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு பரப்பிலும் ஒரு துண்டுக்கு அதே பிரைமர், அதே பூச்சு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கத்தியால் 2 மி.மீ. இடைவெளியில் 6 கோடு, குறுக்கே 6 கோடு கீறினால் 25 கட்டங்கள். டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்கவும். கோட்டோரம் லேசாகச் சிதைந்தால் பரவாயில்லை. கட்டம் கட்டமாக வந்தால் கோளாறு பெரும்பாலும் சுத்தம் செய்ததில்தான். பெயிண்டை மாற்றிப் பயனில்லை.

தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஈரம் ஒரே பக்கமாகத்தான் வெளியேற வேண்டும், எனவே வார்னிஷுக்கு முன் 2, 3 வாரம் விட வேண்டும். அதற்குள் படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இடையில் சிலிக்கோன் பூசிய தாள் வைக்கலாம்.

பெயிண்ட் உரியத் தொடங்கும் இடம் பெரும்பாலும் விளிம்புதான். கூட்டுப் பலகையின் விளிம்பை அரத்தால் 45 டிகிரி சாய்த்து ராவி, பிரைமரை அந்தச் சாய்வின் மேலும் ஏற்றிவிட்டால் நகமோ துணியோ மாட்டி இழுக்க வழியிருக்காது.