ஆங்கில மொழி வரலாற்றுத் தாள்: தெரிந்த சொற்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் மொழி வரலாற்றுத் தாள் என்றதும் மாணவர்கள் 'ஹேத்', 'தௌ' போன்ற பழஞ்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பாவம், அந்தச் சொற்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை. பார்த்தவுடனே பழையவை என்று தெரிந்துவிடுவதால் அகராதியைப் புரட்டிவிடுகிறோம். மதிப்பெண்ணைப் பறிப்பவை அன்றாடம் புழங்கும் சொற்களே.

'லெட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் தந்தையின் ஆவியைப் பின்தொடரும் ஹேம்லெட், தன்னை 'லெட்' செய்பவனையும் ஆவியாக்கிவிடுவதாக மிரட்டுகிறான். அனுமதிப்பவனை எதற்குக் கொல்ல வேண்டும்? அங்கே அந்தச் சொல்லுக்குத் தடுத்தல் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு வினைச்சொற்கள் பின்னர் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று பிழைத்தது, மற்றொன்று பெரும்பாலும் மறைந்தது. மறைந்ததன் எச்சத்தைப் பார்க்க நூலகம் போக வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படியுங்கள்: 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்'.

1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இத்தகைய கண்ணிகள் ஏராளம். 119ஆம் சங்கீதத்தில் பாடுபவர் விடியலைப் 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார். விடியலை யாரால் தடுக்க முடியும்? முன்னே வருதல் என்ற லத்தீன் மூலப்பொருளில் அது நிற்கிறது; விடியுமுன் எழுந்தேன் என்கிறார், அவ்வளவுதான். ரோமியோவை நினைத்து ஜூலியட் கேட்கும் 'வேர்ஃபோர்' என்பதற்கும் எங்கே என்று பொருளன்று, ஏன் என்றே பொருள்.

பாடநூல்கள் பொருள் மாற்றத்தை விரிதல், சுருங்குதல், உயர்தல், இழிதல் என்று நான்கு வகையாகப் பிரித்துத் தருகின்றன. அவற்றின் பெயர்களை மட்டும் எழுதினால் விடை எலும்புக்கூடாகவே இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வரி, முடிந்தால் இன்றும் மிஞ்சியிருக்கும் ஓர் எச்சம் என்று சேர்த்துப் படித்தேன். பொருள் சுருங்கும் சிறப்புப்பொருட்பேற்றுக்கு 'மீட்': முன்பு எல்லா உணவுக்கும் பெயர், இன்று இறைச்சிக்கு மட்டும். எச்சம் 'ஸ்வீட்மீட்', மிட்டாயில் இறைச்சி ஏது? மானைக் குறிக்கும் 'டியர்' ஒரு காலத்தில் எல்லா விலங்குக்கும் பொது. லியர் மன்னன் நாடகத்தில் பைத்தியக்காரன் வேடமிட்ட எட்கர், எலிகளும் அவை போன்ற சிறு 'டியர்'களும் ஏழாண்டுகள் தன் உணவாக இருந்தன என்கிறான். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் விலங்கு என்றே பொருள். 'சில்லி' பேறுபெற்றவன் என்பதிலிருந்து அப்பாவி, இரங்கத்தக்கவன் என்று இறங்கி அசடனில் வந்து நின்றது. 'நைஸ்' எதிர்த்திசையில் ஏறியது: 1300 வாக்கில் அறிவிலி, இன்று இனியவர். சிறுவன், வேலைக்காரன் என்ற நிலையிலிருந்த 'நைட்' குதிரையேறி வீரப்பெருமகன் ஆனதும் இந்த வகைதான்.

நீ என்னும் 'தௌ', நீங்கள் என்னும் 'யூ' பற்றிய வினா வந்தால் தமிழ் மாணவர்கள் விட்டுவிடவே கூடாது. ஒருமை, பன்மை என்று இரண்டு வரி எழுதி முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஹேம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. தாய் கெர்ட்ரூட் மகனைத் 'தௌ' என்று அழைத்து, உன் தந்தையை (இப்போதைய கணவனைச் சொல்கிறாள்) மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். 'யூ' என்று மரியாதையாகத் தொடங்கும் மகன், என் தந்தையை (இறந்துபோனவரை) புண்படுத்தியவர் நீங்கள் என்று அதே வாக்கியத்தைத் திருப்பி அடிக்கிறான். அடுத்த வரியில் தாயும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். கோபம் வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையை "நீங்கள் பெரிய மனிதர் ஆயிற்றே" என்பதில்லையா, அதேதான். நீ, நீங்கள் வேறுபாடு நாவிலேயே இருக்கும் நமக்கு, இன்று 'யூ'வை மட்டும் பேசுபவர்களைவிட இந்தக் காட்சி விரைவாகப் பிடிபடும்.

சொற்களின் வயதைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே உகந்தது. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முதற்பதிப்பு நிறைவடைந்த அந்த அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்குகிறது. விளக்கத்தைவிட மேற்கோள்களைப் படியுங்கள். பொருள் எந்த நூற்றாண்டில் திரும்பியது என்று கண்ணுக்கே தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பியல் அகராதி அவசரத்துக்கு உதவும்.

வாட்ஸ்அப் சொற்பிறப்பியலை மட்டும் விடைத்தாளில் ஏற்றாதீர்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' ஆனது என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். அது புதியது என்னும் 'நியூ'வின் பன்மை வடிவம். புதியவை என்று பொருள். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முந்தைய சொல் ஒன்றுக்கு யாராவது இப்படி விரிவாக்கம் சொன்னால், அகராதியில் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.