மேக்பெத்: சூனியக்காரிகளை மேடையேற்றும் வேலை

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைக் கையில் எடுக்கும் குழு முதல் வாரத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்து அரசர் டங்கனின் கொலைக்குப் பொறுப்பு யார்? நீ அரசனாவாய் என்று ஆசை காட்டிய அந்த மூன்று சூனியக்காரிகளா, கொன்ற தளபதி மேக்பெத்தா? இது இயக்குநரின் கவலை என்று ஒளியமைப்பாளரும் அரங்கப் பொருட்களைக் கவனிப்பவரும் விட்டுவிட முடியாது. புகையின் அளவு, இடி விழும் நேரம், ஆவி கண்ணில் படுவதா கூடாதா என்று எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பிரதி இதில் தெளிவாகவே இருக்கிறது. 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் இதை எழுதியபோது அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ், 1597இலேயே சூனியம் பற்றி ஒரு நூல் எழுதியவர். 1590-91இல் நார்த் பெரிக் சூனிய வழக்குகளில், தன் கப்பல் மீது புயலை ஏவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை நேரில் விசாரித்தவர். நாடகத்தின் சூனியக்காரிகளும் ஒரு மாலுமியின் மேல் புயலை ஏவுகிறார்கள். ஆனால் கப்பலை மூழ்கடிக்கும் சக்தி தங்களுக்கு இல்லை, அலைக்கழிக்க மட்டுமே முடியும் என்று அவர்களே சொல்கிறார்கள். நேரம் மிச்சப்படுத்த முதல் அங்கம் மூன்றாம் காட்சியின் இந்தப் பகுதியைத்தான் பலர் வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாது. அவர்களுடைய எல்லை எது என்று பார்வையாளர் தெரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

அதற்கு முந்தைய காட்சியை வெட்டினாலும் இதே நஷ்டம். காடர் பிரபு என்ற பட்டத்தை மேக்பெத்துக்கு வழங்கும்படி டங்கன் அங்கே உத்தரவிட்டுவிடுகிறார். அதைக் கேட்ட பார்வையாளருக்குச் சூனியக்காரிகள் அவனைக் காடர் பிரபு என்று அழைப்பது பழைய செய்தி, மேக்பெத்துக்கு மட்டுமே அது அதிசயம். காட்சி இல்லாவிட்டால் அரங்கமே அவனோடு சேர்ந்து வியக்கும். அவனை வெளியே நின்று கவனிக்கும் வாய்ப்பு போய்விடும்.

நாடகத்தின் பெரும்பகுதி பத்து அசை வரிகளில் ஓட, சூனியக்காரிகளின் பேச்சு பெரும்பாலும் அழுத்தத்தில் தொடங்கும் ஏழு அசை வரிகளில் வருகிறது. நடிகர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கே. தாளத்தில் சொக்கி ராகம் போடுவார்கள், கிழவிக் குரலில் கீச்சிடுவார்கள், சொல் காணாமல் போகும். ஆரம்ப ஒத்திகைகளில் சாதாரணப் பேச்சாகவே சொல்லவைத்து, பொருள் நாக்கில் ஏறிய பிறகு தாளத்துக்கு வருவது நல்லது. 'நல்லதே கெட்டது, கெட்டதே நல்லது' என்று அவர்கள் சொன்னதைத்தான் மேக்பெத் தன் முதல் வரியில், அவர்களைச் சந்திக்கும் முன்பே, திருப்பிச் சொல்கிறான். அது காதில் விழ வேண்டுமென்றால் இடி முதலில் முடிந்திருக்க வேண்டும். மெல்லிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அடிப்பக்கம் பிடித்து உலுக்கினால் கிடைக்கும் இடியைக் கையாலேயே நிறுத்திவிடலாம். பதிவு செய்த இடியில் தாழ்ந்த, கனத்த ஒலி நீண்டு, வசனத்தை விழுங்கும்.

சூனியக்காரிகள் கொப்பரையிலிருந்து தோற்றங்களை எழுப்பி மேக்பெத்துக்கு எதிர்காலம் சொல்லவைக்கும் நான்காம் அங்கம்தான் தொழில்நுட்பரீதியாகக் கடினமானது. தரையோடு தவழும் வெண்புகைக்கு ட்ரை ஐஸ் பயன்படுத்துவார்கள். அது மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் திட கார்பன் டை ஆக்சைடு. தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. காற்றுப் புகாத பெட்டியில் மூடினால் பெட்டி வெடிக்கும். வெந்நீரில் ஒரே தடவையாகக் கொட்டினால் நீர் சீக்கிரம் குளிர்ந்து, தோற்றங்கள் எழும் நேரத்தில் புகை செத்துவிடும். கம்பிக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, மேடைத் தரையின் திறப்பு வழியே கீழே இறங்கித் தேங்கும். தோற்றங்களாக வரப்போகும் நடிகர்கள், பெரும்பாலும் குழந்தைகள், காத்திருப்பது அங்கேதான். முதலில் தலைவலி, மூச்சுத் திணறல், பிறகு மயக்கம். ஆகவே தரைத் திறப்பையும் ட்ரை ஐஸையும் ஒரே காட்சியில் சேர்க்கவே வேண்டாம். கிளைக்கால் (glycol) என்ற திரவத்தில் ஓடும் புகை இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தரையில் வழுக்கும் படலம் விட்டுப்போகும். இடைவேளையானாலும் காட்சி மாற்றமானாலும் துடைத்தே ஆக வேண்டும்.

கொப்பரையில் போடும் இருபதுக்கும் மேற்பட்ட பொருட்களைச் செய்து வீணாக வேண்டாம். நான்கைந்து போதும், விழும்போது ஈரச் சத்தம் கேட்டால் மீதியைப் பார்வையாளரே கற்பனை செய்துகொள்வார். அந்த உழைப்பைத் தோற்றங்களுக்குச் செலவிடலாம். ஆயுதம் தரித்த தலை, மேக்டஃப் என்ற பிரபுவைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கும்படி மேக்பெத்திடம் சொல்கிறது. ரத்தம் தோய்ந்த குழந்தை, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தீங்கில்லை என்கிறது. முடிசூடி மரக்கிளை ஏந்திய குழந்தை, பர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு வரும்வரை தோல்வியில்லை என்கிறது. சொற்கள் மறைப்பதை உருவங்கள் அப்பட்டமாகக் காட்டுகின்றன: தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மேக்டஃப், கிளைகளை ஏந்தி வரச் சொல்லப்போகும் டங்கனின் மகன் மால்கம். மேக்பெத் காதை நம்பிக் கண்ணைக் கைவிடுகிறான். எனவே இரண்டாவது குழந்தையின் ரத்தம் காயத்தின் ரத்தமாக இல்லாமல் பிரசவத்தின் ரத்தமாக இருக்கட்டும். மூன்றாவது குழந்தையின் கையிலுள்ள கிளை, ஐந்தாம் அங்கத்தில் சிப்பாய்கள் தூக்கி வரும் அதே இலை, அதே நிறம். இந்த ஒரு ஒற்றுமைக்காக எத்தனை மெனக்கெட்டாலும் தகும்.

நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனின் பாடல்களோடு வரும், சூனியத் தெய்வமான ஹெக்கட்டியின் காட்சியைத் தயங்காமல் எடுத்துவிடலாம். கதைக்கு ஒன்றும் குறையாது.

மேக்பெத் ஆளேவிக் கொன்ற நண்பன் பாங்க்வோவின் ஆவி விருந்தில் தோன்றும் விஷயத்தில், நாடகம் முதலில் அச்சான 1623 பதிப்பின் குறிப்பு நேரடியானது: ஆவி உள்ளே வந்து மேக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது. 1794இல் நடிகர் ஜான் பிலிப் கெம்பிள் ஆவியை விலக்கி வெற்று நாற்காலியை வைத்தார். 2007இல் இயக்குநர் ரூப்பர்ட் கூல்ட் விருந்துக் காட்சியை இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை நடத்தினார், ஒருமுறை ஆவியோடு, ஒருமுறை ஆவியின்றி. ஆவி வருவதானால் விருந்தினர் கோப்பை உயர்த்தும் அசைவில் அமரட்டும். சர்க்கரைப்பாகு ரத்தம் நாற்காலியில் ஒட்டும், கழற்றக்கூடிய மெத்தை வேண்டும். வெற்று நாற்காலியானால் நடிகரின் பார்வை உட்கார்ந்த மனிதனின் முக உயரத்தில் நிலைக்க வேண்டும். அங்குலம் பிசகினாலும் அங்கே யாருமில்லை. நாற்காலிக்குத் தனி விளக்கு போடுவது மேக்பெத்துக்கு நாமே சாட்சி சொல்வதாகிவிடும். அதைத் தவிர்ப்பதே சரி.

பர்னம் காடு நகரும் காட்சிக்கு மர்ம இசையும் நீல ஒளியும் ஒட்டாது. படையின் எண்ணிக்கையை மறைக்க மால்கம் கிளை வெட்டச் சொல்கிறான், அவ்வளவே. பகல் வெளிச்சத்தில் சிப்பாய்கள் முகம் மறையும் உயரத்தில் கிளைகளைப் பிடித்து வரட்டும். உண்மையான இலைகள் விளக்குச் சூட்டில் வாடி உதிரும், மிதித்தால் வழுக்கும். சிறிது நேரத்தில் அதே தரையில் வாள் சண்டை. இந்த நாடகத்துக்குச் சாபம் என்று அரங்கக்காரர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் மங்கல் வெளிச்சம், ஈரத் தரை, திறந்த குழி, வாள் ஆகிய நான்கும்தான். ஒவ்வொரு காட்சி நாளும் திரை எழும் முன் சண்டையைப் பாதி வேகத்தில் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். கிளைகளைக் கீழே போடும்படி மால்கம் கட்டளையிட்டதும், அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வெளியேற இரண்டு சிப்பாய்களை முன்பே நியமித்துவிட வேண்டும்.