சேம்பர்ஸ் தெரு

ஒரு பாட்டியின் நினைவாற்றலைச் சோதிக்கும் படிவத்தில் நான் போட்ட பூஜ்யம் சரிதான் என்று இன்றும் சொல்வேன். சொல்லிவிட்டு மறுபடியும் அந்தக் கேள்வியிலேயே வந்து நிற்பேன்.

"உங்க வீடு எங்கே?"

"சேம்பர்ஸ் தெரு."

கோப்பில் இருந்ததோ பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான மால்டன் முகவரி. அலைபேசியில் தேடினேன், பாஸ்டனின் அந்தப் பக்கம் அப்படியொரு தெருவே இல்லை. "அதோ, இறங்கி நடந்தா அஞ்சு நிமிஷம்" என்று பாட்டி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடிகள். பூஜ்யம்.

மாதத்தையும் அவர் தப்பாகத்தான் சொன்னார். ஆகவே இந்த ஒரு மதிப்பெண்ணால் எதுவும் மாறியிருக்காது. பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். அப்படித்தான் நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து, கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த அடுக்குமாடிகளின் அடியில் கிடப்பது வெஸ்ட் எண்ட். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் எல்லாம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய பேட்டை. 1949 வீட்டுவசதிச் சட்டப்படி, சீரழிந்த பகுதி என்று முத்திரை விழுந்துவிட்டால் இடித்துச் சீராக்குவதில் நகரத்துக்கு ஆகும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை அப்போது வாஷிங்டன் அரசு ஏற்றது. 1953இல் திட்டத்தை அறிவித்தார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்? சேரி என்று சொல்லப்பட்ட இடம் சொன்னபடியே ஆகிக்கொண்டு வந்தது. 1958 ஏப்ரலில் கடிதம். ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியே. தெருக்கள் வரைபடத்திலிருந்தே போயின. எழும்பிய அடுக்குமாடிகளின் வாடகை போனவர்களுக்கு எட்டவில்லை. 'இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பீர்கள்' என்று சாலையைப் பார்த்து ஒரு பலகை வேறு. அதைப் படித்துச் சிரித்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி.

அன்று வீடுவீடாகப் போய்ச் சீரழிந்தது என்று படிவம் நிரப்பியவரும் தன் வேலையைத்தான் செய்திருப்பார். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறேனா, குற்றமாகவா? தெரியவில்லை.

நான் கேட்டது "இப்போ எங்கே இருக்கீங்க" என்று இல்லையே. பாஸ்டனுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்றால் மன்னார்குடி என்றுதான் வாயில் வருகிறது. எனக்கு யாரும் பூஜ்யம் போடுவதில்லை. ஆனால் மன்னார்குடி இன்னும் இருக்கிறது. ஒருவேளை பாட்டி நிஜமாகவே மறந்துதான் போயிருந்தாரோ என்னவோ. மறதியில் பழைய முகவரிதான் மிஞ்சும் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது "தற்போதைய முகவரி?" என்றே கேட்கிறேன். எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகு, சிலரிடம் மட்டும், வீடு எங்கே என்றும் கேட்கிறேன்.