மூன்று லட்சம் ஓடிய பிக்கப்பில் இழுவை கூட்டிப் பார்த்தது

வண்டி, ஓடோமீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பழைய போலெரோ பிக்கப். 2523 சிசி, நாலு சிலிண்டர் டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் விசிறி) டீசல். டீசல் கொடுக்க, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இல்லை, கையால் திருகி அளவை மாற்றக்கூடிய ரோட்டரி பம்ப். புதிதாக இருந்தபோதே குதிரைத்திறன் அறுபது சொச்சம்தான். மன்னார்குடி பக்கம் குறுவைக்கு நடவு இயந்திரம், பவர் டில்லர் என்று ட்ரெய்லரில் ஏற்றி இழுக்க வேண்டும். தை, மாசியில் அதே ட்ரெய்லரில் வைக்கோல் கட்டு.

"டெல்டாவுல எதுக்கு மாப்ளே பவர்? மலையா ஏறப் போறீங்க?" என்று மச்சான் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எண்பது கிலோமீட்டருக்கு மேல் போனாலும் தரை இறங்குவது சுமார் 60 மீட்டர்தான், வாஸ்தவம். ஆனால் வயலை விட்டு ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் சரிவு இருக்கிறதே, அது குட்டையானாலும் செங்குத்து. களிமண்ணில் நின்ற இடத்திலிருந்தே இழுத்து ஏற வேண்டும். பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் குறுகலான பாலங்கள். எதிரே பஸ் வந்தால் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, சுமையோடு மறுபடி கிளப்ப வேண்டும். வைக்கோல் கந்தர்வகோட்டை, புதுக்கோட்டைக்குப் போகும்போது வல்லம் தாண்டினால் செம்மண் மேடு. அங்கேதான் இரண்டாவது கியரும் கறுப்புப் புகையுமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

பம்பில் டீசலைக் கூட்டிவிட்டால் போதும் என்று பலரும் சொன்னார்கள். கறுப்புப் புகை வரும் வண்டியில் டீசல் குறைவு இல்லை, காற்றுதான் குறைவு. அதனால் காற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஏர் பில்டர் டப்பாவைத் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு பதரும் சுணையும். விரலால் கிள்ளி எடுத்தால் பஞ்சுத் தலையணையைப் பிரித்த மாதிரி வந்தது. கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு வைக்கோல் ஏற்றும் வண்டிக்குப் பொருந்தாது. சீசனில் வாராவாரம் திறந்து பார்க்க வேண்டியதுதான். ரேடியேட்டர் இடுக்கிலும் இதே சுணை. பிரஷர் பம்ப் வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும் என்பதால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஓஸ் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ மஞ்சளாகவே வடிந்தது.

அடுத்தது டர்போவிலிருந்து எஞ்சினின் காற்று வாய்க்கு (இன்டேக்) போகும் ரப்பர் ஓஸ். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. லேசாகக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினோம். கிளாம்ப் ஓரம், அடிப்பக்கத்தில், எண்ணெய்க் கசிவு கறுத்திருந்த இடத்தில் நுரை கிளம்பியது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஏற்றத்தில் டர்போவின் காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் 0.4 பார் காட்டிக்கொண்டிருந்தது, ஓஸ் மாற்றியதும் 0.7. இவ்வளவு நாளும் டர்போ ஊதியதில் கணிசமான பங்கு ரோட்டுக்குப் போயிருக்கிறது.

டேப்பெட், டீசல் பில்டர், டேங்கில் தேங்கிய தண்ணீர் எல்லாம் வழக்கமான வேலைதான். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய சமமாக இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் இத்தோடு நிறுத்தியிருப்பேன். தேய்ந்த எஞ்சினில் பவர் தேடுவது வீண்செலவு.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றித் தஞ்சாவூரில் ஒரு டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார் மெக்கானிக் அண்ணன். இரண்டு நாசில் 'ட்ர்ர்' என்ற சத்தத்தோடு புகைபோல் பீய்ச்சின. மூன்றாவது நூல் மாதிரி ஒரே கோடாக விட்டது. நாலாவதின் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே நின்றது. "இதோட புகை வராம வேற என்ன வரும் தம்பி?" என்றார். நாலுக்கும் புது முனை, புதுச் செம்பு வாஷர். பம்ப் டீசல் விடும் நேரத்தை (டைமிங்) டயல் கேஜ் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார். இதுவரை ஒரு குதிரைத்திறன்கூட 'ஏற்றவில்லை', போனது திரும்பியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஆற்றங்கரைச் சரிவில் வண்டி மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. முக்கால்வாசிப் பேருக்கு இந்த இடத்தோடு வேலை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குச் செம்மண் மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. பம்பில் டீசல் அளவைக் கூட்டும் திருகைத் தொடும் முன் எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் மீட்டர் ஒன்று வைத்தேன். கே டைப் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி), டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிபோல்டிலேயே. மேனிபோல்டைக் கழற்றி லேத் பட்டறையில் துளை போட்டோம். வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத் தூள் டர்போவுக்குள் போய் இறக்கையைத் தின்றுவிடும். நீண்ட இழுவையில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் பிஸ்டன் தலை, வால்வு, டர்போ எல்லாவற்றுக்கும் ஆபத்து. என் வண்டி முழுச் சுமையில், வல்லம் ஏற்றத்தில் 580 காட்டியது. கொஞ்சம் இடம் இருக்கிறது என்று தெரிந்தது.

"அரைக்கால் சுத்துக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லித்தான் அண்ணன் அந்தத் திருகை (புல் லோடு திருகு) தொட்டார். ஐட்லிங் ஏறியது, அதைத் தனியாக இறக்கிவிட்டார். அதே ஏற்றம், அதே கட்டுகள்: இப்போது மூன்றாவது கியரில் ஏறியது, மீட்டர் 650. பார்க்கலாமே என்று இன்னொரு அரைக்கால் வைத்தோம். இழுவையில் வித்தியாசமே தெரியவில்லை. பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மீட்டர் 720-ஐத் தொட்டது. திருகு பழைய இடத்துக்கே திரும்பியது. டர்போ கொடுக்கும் காற்று அவ்வளவுதான், அதற்கு மேல் ஊற்றும் டீசல் சூடாகவும் புகையாகவும்தான் போகும்.

ஓட்டுவதிலும் ஒன்று பிடிபட்டது. மூன்றாவது கியரில் திணறவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் வெப்பம் சரசரவென்று ஏறுகிறது. இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றி அதிகக் காற்று இழுக்கிறது, அரை நிமிடத்தில் முள் 600 பக்கம் வந்துவிடுகிறது. கியரை இறக்குவது வண்டிக்குக் கஷ்டம் என்று நினைப்பவர்கள் இந்த மீட்டரை ஒருநாள் பார்க்க வேண்டும். மேடு ஏறி நிறுத்தினால் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுத்தான் அணைக்கிறேன்.

புகைச் சோதனையும் ஆயிற்று. பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தி அளவு), அதற்குள் சுலபமாகவே வந்தது. வேறு எஞ்சின் மாட்டலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்குள் வரும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. இந்த வயது வண்டிக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை.

இப்போதைய தலைவலி கிளட்ச். சுமையோடு நாலாவது கியரில் அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை, லேசாகத் தீய்ந்த வாசனை. பழைய இழுவைக்குத் தாங்கிய பிளேட் இதற்குத் தாங்கவில்லை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றப் போகிறேன். ட்ரெய்லர் பிரேக் ஷூவும் அதே செலவில் சேரும், வேகமாக ஏறும் வண்டி மறுபக்கம் வேகமாக இறங்கவும் செய்கிறது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்துவிட்டால் நடவு இயந்திரத்துக்கு ஆள் மேல் ஆள் வருவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். அதுவரை ட்ரெய்லரில் மேல் வரிசைக் கட்டுகள் ஏற்றுவதில்லை.